மாப்பிள்ளையின் வயிறும் என் வாயும்

பாக்கார் ஆராங்,
சுங்கைப்பட்டாணி.

பாடாங் மேஹாவில் இருக்கும் மரியாதைக்குரிய மாப்பிள்ளை புவனேசன் அவர்களுக்கு, மச்சான் குழந்தைவேலு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் என் மனைவி தேவகியும் நலம். அவ்விடம் தங்கள் வயிற்றின் நலம் அறிய ஆவல்.

எங்க புது வீட்டு விருந்துல நான் பேசினது தப்பு மாப்பிள்ளை. நீங்க நாலு வாய் சாப்பிட்டு இலையை மூடுனீங்க, நான் பந்திக்கே கேக்குற மாதிரி "எங்க வீட்டுச் சோறு கசக்குதோ?"ன்னு கத்திட்டேன், என் தங்கச்சி யோகேஸ்வரி அழுதுகிட்டே காடியில ஏறுனா. அப்புறம் உங்க மக ரூபினிதான் போன்ல சொன்னா: "மாமா, அப்பாவுக்கு இனிப்பு நீர் வியாதி ரொம்ப வருஷமா இருக்குல்ல, அதுல வயித்து நரம்பு கெட்டுப்போச்சு. காலையில சாப்பிட்டது சாயங்காலமும் அப்படியே கெடக்கு. கொஞ்சம் கூடுனாலும் வாந்திதான்."

கேட்டுட்டுச் சும்மா இருந்தேனா? நார் உள்ள போனா தள்ளிவிட்டுரும்னு நானே வைத்தியம் பண்ணி, வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் எண்ணெய்ல வதக்கி வாளி நிறைய அனுப்புனேன். மச்சான் மறுபடி கோவிச்சுக்குவானேன்னு நீங்களும் சாப்பிட்டீங்க. நாரும் எண்ணெயும்தான் உங்களுக்கு ஆகவே ஆகாதாமே! ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. யாரு கொடுத்ததுன்னு டாக்டர் கேட்டதுக்கு, "பசார்ல வாங்குனது"ன்னு சொன்னீங்களாம். ஐயோ மாப்பிள்ளை, நீங்க என்னைத் திட்டியிருக்கலாம். அந்தப் பொய் என்னை அறுக்குது.

இப்ப எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன். குழைஞ்ச சோறு, தெளிஞ்ச சூப்பு, கொஞ்சம் கொஞ்சமா ஆறு தடவை, சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. எழுதி எங்க ஐஸ் பெட்டியில ஒட்டியிருக்கேன். இங்க யாருக்கும் அந்த வியாதி இல்ல, தேவகி என்னை முறைக்கிறா.

ரூபினி கல்யாணத்துக்கு மூணு வாரம்தான் இருக்கு. பத்திரிகை வரல. கோவிச்சுக்க எனக்கு யோக்கியதை இல்ல. ஆனா தாய்மாமன் நான் ஒருத்தன்தானே? மாலை போட விடாட்டியும் பரவாயில்ல, மண்டபத்துல ஓரமா நிக்க விடுங்க.

மூணு வேளையும், தப்பு, ஆறு வேளையும் நல்லாச் சாப்பிட்டு நீங்க சுகமா இருக்க முருகன் துணை.

இப்படிக்கு,
வருத்தத்துடன் மச்சான்,
குழந்தைவேலு

பி.கு.: உறையை ஒட்டப் போறேன், தேவகி வந்து கல்யாணப் பத்திரிகையை மேசையில வைக்கிறா! போன வெள்ளிக்கிழமையே வந்துருச்சாம். நான் மன்னிப்புக் கேட்டு எழுதுற வரைக்கும் காட்டக் கூடாதுன்னு அவளும் யோகேஸ்வரியும் பேசி வச்சிருக்காங்க. பின்னால உங்க கையெழுத்து: "மச்சான், சாப்பிட்டதும் நடக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். தனியா நடக்கப் பிடிக்கல. கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துருங்க."

முதல் நாள் என்ன மாப்பிள்ளை, நாளைக்கே வர்றேன்.