சாமிக்கு நான் கொடுத்த அட்வான்ஸ்

பஸ் நிற்பதற்குள் குதித்து இறங்கும் ரகம் ஒன்று உண்டு. அந்த ரகத்தில் நான் முதல் வரிசை.

அப்போது அம்பத்தூரில் ஒரு மாடியில் பிள்ளைகளுக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சீனாவில் ஒரு மலையடிவாரப் பள்ளியில் அதையே முறையாகப் படிக்க இடம் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். பாக்கி விசா ஒன்றுதான்.

அம்மா திருவேற்காட்டு அம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: "விசா வந்தாக்கா எம்பொண்ணுக்கு மொட்டை போடறேன் தாயே." (வேண்டுதல் அவளுடையது, முடி என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.)

நான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் அட்வான்ஸ் வாங்காமல் யார் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார்கள்? அம்மனிடம் மட்டும் கடன் சொல்லலாமா? விசா மையத்துக்குப் போவதற்கு முந்தின நாள், யாருக்கும் சொல்லாமல் ஷேர் வேனில் ஏறிப் போய், தலையெல்லாம் சந்தனம் மினுமினுக்கத் திரும்பி வந்தேன்.

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "அடிப்பாவி! இன்னாடி கோலம் இது? வந்தாக்கா போடறேன்னுதானே சொன்னேன்!"

மறுநாள் கவுன்ட்டரில் இருந்த பெண் என் போட்டோவைப் பார்த்தாள். அதில் தோள்வழியே முன்னால் புரளும் தடித்த பின்னல். என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டோ.

"தம்பி, அக்கா வரலையா?"

"நான்தாங்க அந்த அக்கா."

வெளியே காத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். வந்தவள் பையிலிருந்து நீளமாக ஒன்றை உருவினாள். என் சவுரி! (போட்டோப் பின்னலில் பாதி அதுதான். சீனா வரைக்கும் தெரியவேண்டிய விஷயமா இது?) கட்டுவதற்குத்தான் முடி இல்லையே. அதை என் மொட்டையில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப பாரும்மா, அவதானே?"

அந்தப் பெண் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டாள். ஃபைல் குலுங்கியது. குலுங்கி முடித்ததும், "புது போட்டோ எடுத்துட்டு வாங்க. சவுரி வேணாம்" என்றாள்.

இடம் கைநழுவும் நேரத்தில் விசா வந்தது, உரித்த பலாக்கொட்டை மாதிரி என் முகத்தோடு. அதற்குள் தலையில் முள்முள்ளாக முடி எட்டிப்பார்த்திருந்தது. நான் குதித்தேன். அம்மா குதிக்கவில்லை.

"கெளம்பு, கோயிலுக்கு."

"அதான் போட்டாச்சேம்மா!"

"அது நீயா போட்டுக்கினது. நான் வேண்டிக்கினது அப்டியேதான் கீது."

மறுபடியும் மொட்டை. சீன விமான நிலையத்தில் போட்டோவையும் என்னையும் பார்த்த அதிகாரிக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

இப்போது கல்யாணமாகி, பூந்தமல்லிப் பக்கம் வாடகைக்கு வீடு தேடுகிறோம். எந்த ஓனர் "அட்வான்ஸ்" என்று வாயைத் திறந்தாலும் என் வீட்டுக்காரர் பர்ஸைத் தொடுவதில்லை. என் தலையைத்தான் பார்க்கிறார்.