ஆறசைவு நானாவும் ராத்தாவின் இடக்கையும்

ஆலங்குடாவில் ஆறசைவு நானா குறை சொல்லாத கதவே கிடையாது. அவருடைய வெல்டிங் பட்டறைக்கு அடுத்த வீடு எங்களுடையது. எங்கள் வாசல் கதவைத் திருத்தித் தருகிறேன் என்று கழற்றிக்கொண்டு போனவர், பெருநாள் வரைக்கும் தரவில்லை. அந்தப் பெருநாளைக்கு எங்களுக்கு முந்தி ஆடுகள் வட்டிலப்பம் சாப்பிட்டன.

கேட்டால் பாடம் தொடங்கிவிடும். "சும்மா கிடக்கிற சாமானுக்கு ஆறு அசைவு. முன்ன பின்ன ஒண்டு, இடம் வலம் ரெண்டு, மேல கீழ மூண்டு. அதோட மூண்டு விதமாத் திரும்பும். கதவுக்குப் பிணைச்சல் ஒண்டு போட்டா அஞ்சு போயிடும், திறந்து சாத்துற ஒண்டுதான் மிச்சம்."

ஒரு நிக்காஹ் வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்தும் இதையே சொன்னார். "நேத்து வரைக்கும் தம்பிக்கு ஆறு. இண்டையிலிருந்து ஒண்டு." பெண்ணின் வாப்பா பிறகு அவரை எந்த விருந்துக்கும் கூப்பிடவில்லை.

அவர் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். பாரிசவாதம் வந்து ராத்தாவின் இடப்பக்கம் விழுந்துபோனது. நடை போனதற்கு அழாதவர், உள்ளங்கைகளை ஏந்தித் துஆ கேட்கையில் ஒரு கை மட்டும் எழும்பியதற்கு அழுதார்.

"ஒரு கையால கேட்டாலும் அல்லாஹ் ஏத்துக்கொள்ளுவான்," என்றார் மௌலவி.

"ஓம், அவனுக்குப் போதும். இவளுக்குப் போதாதே," என்றார் நானா.

பழைய சைக்கிளை வெட்டி, ராத்தா உட்காரும் கதிரையில் கம்பிகளைப் பூட்டி, அவருடைய இரு கைகளையும் அவற்றோடு இணைத்தார். வலக்கையைத் தூக்கினால் இடக்கையும் எழும்ப வேண்டும். எழும்பியது. ஆனால் உள்ளங்கை நிலத்தைப் பார்த்தது.

"எல்லா அச்சும் ஒரே பக்கம் பாத்தா கை ஏறி இறங்கத்தான் செய்யும். சரிச்சு வச்சாத்தான் ஏறிக்கொண்டே திரும்பும்," என்று மறுபடி அறுத்து ஒட்டினார்.

ராத்தா தலையைச் சொறிய வலக்கையைத் தூக்கினார். இடக்கை பாய்ந்து நானாவின் மூக்கில் அறைந்தது. நோயில் விழுந்த பிறகு ராத்தா சிரித்தது அன்றுதான். அறை வாங்கியவர் அவரைவிடச் சிரித்தார்.

பிறகு ஓர் அஸர் தொழுகை முடிந்து, இரண்டு உள்ளங்கைகளும் மேலே பார்த்தபடி சேர்ந்து எழுந்தன. ராத்தா என்ன கேட்டாரோ தெரியாது. நானா பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த வருடம் நோன்புக்கு முந்தி ராத்தா மௌத்தானார். மையவாடியில் மண் போட்டு முடிந்து மௌலவி துஆவைத் தொடங்கியதும் எல்லாக் கைகளும் எழுந்தன. நானாவின் கைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"எழும்புதில்லடா," என்றார் என்னிடம். "பூட்டிப் போட்ட மாதிரி இரிக்கிது."

அவருடைய இடது மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினேன். வலக்கையும் கூடவே எழுந்து வந்தது. கடைசி ஆமீன் வரைக்கும் நான் பிடியை விடவில்லை.