நானாச்சு ஆதிநாராயணன்

கேட்காமலே ஜாமீன் நிற்கும் மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பல்வலி என்று நீங்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் போதும். எந்த வைத்தியரிடம் போக வேண்டும், அவர் பிடுங்கினால் எப்படி வலிக்கவே வலிக்காது என்பதையெல்லாம் விளக்கி, "தைரியமா போங்க, நானாச்சு" என்று முதுகில் தட்டி அனுப்புவார்கள். அந்த வைத்தியர் வீட்டு வாசற்படியை அவர்கள் மிதித்தே இருக்க மாட்டார்கள். வாயில் முப்பத்திரண்டு பல்லும் பத்திரமாக இருக்கும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் இந்த இனத்துக்குத் தலைமை தாங்கியவர் ஆதிநாராயணன். மாடு வாங்குகிறவனுக்கும் நானாச்சு, பெண் எடுக்கிறவனுக்கும் நானாச்சு, பெரியபாளையத்துக்கு நேர்ந்துகொள்ளலாமா என்று யோசிக்கிறவனுக்கு அம்மன் சார்பிலும் நானாச்சு. வாங்கின மாடு படுத்துவிட்டால்? "நீ தீனி வெச்ச லட்சணம் அப்படி." அத்துடன் வழக்கு தள்ளுபடி.

ஐம்பத்தாறாம் வருஷம் ஊருக்குப் பக்கத்தில் அட்டை மில் ஒன்று வந்தது. வைக்கோலைச் சுண்ணாம்பில் வேகவைத்து அட்டை செய்கிற மில். அட்டை ரத்தத்தைத்தான் குடிக்கும் என்று ஊர் நினைத்திருந்தது. இது ஏரியையே குடித்துவிட்டுக் கஷாய நிறத்தில் வெளியே விட்டது. ஜனங்கள் கூச்சல் போட்டதும் மேனேஜர் மூன்று தொட்டி கட்டினார். அந்த வருஷம் ஆவணி பிறந்தும் மழையில்லை. தொட்டியில் தெளிந்த தண்ணீரைக் கழனிக்கு இலவசமாக விடுகிறோம் என்றார் மேனேஜர். ஊர் தயங்கியது. மேனேஜர் உடனே ஆதிநாராயணனைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்.

லஞ்சம் வாங்கினார் என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கியிருந்தால் ஒரு நாளாவது மனசு உறுத்தியிருக்கும். நாற்காலியும் சோடாவுமே அவருக்குப் போதும். உள்ளே போனது ஆதிநாராயணன், வெளியே வந்தது என்ஜினீயர்.

"சுத்தி பண்ண தண்ணி. மூணு தொட்டி சுத்தி வருது" என்று முழங்கினார்.

"எங்க ஊட்டு எருமகூட குட்டைய மூணு சுத்து சுத்தி வருது நைனா. சுத்தமாவா கீது?" என்று கேட்டாள் கங்கம்மா. புருஷன் போனபின் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு பாடுபடுகிறவள். நாற்று விட்டிருந்தாள். அது போனால் மறுபடி விதைக்க விதையும் கிடையாது, பருவமும் கிடையாது. மூன்று பேருடைய வருஷத்துச் சோறு அந்த நாற்றங்காலில்தான் இருந்தது.

"கடைசித் தொட்டியில மீனு விட்டுக்கீறாங்க. போய்ப் பாரு!"

போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "மல்லாந்துகினு கீதே?"

"தின்னுட்டு அசந்து படுத்துக்கினு கீது."

ஒரு தம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கையை நீளும் மட்டும் நீட்டி முகர்ந்தார். "ஆஹா!" என்றார். கீழே கொட்டினார்.

"ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்களேன் நைனா."

"இன்னிக்கு ஏகாதசி." சோடாவுக்கு விதிவிலக்கு உள்ள ஏகாதசி போலிருக்கிறது. "பயப்படாம மடையைத் தொற கங்கம்மா. உன் நாத்துக்கு நானாச்சு!"

மழை பெய்திருந்தால் அவள் திறந்திருக்க மாட்டாள். காய்கிற நாற்றைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் நிற்க முடியும்? திறந்துவிட்டாள். ஆதிநாராயணனும் நாற்று விட்டிருந்தாரே, அவர்? வீட்டுக் கிணற்றிலிருந்து மாடு பூட்டிக் கவலை இறைத்துப் பாய்ச்சினார். கேட்டால், "மாடு சும்மா நின்னா கால் புடிச்சிக்கும்" என்பார்.

கங்கம்மாவின் மண்மேல் வெள்ளையாக ஏடு படிந்தது. "சுண்ணாம்பு அது. மண்ணு வெத்தில போட்டுக்கினு கீது" என்றார். ஏரிக்கரையில் தவளைச் சத்தம் அடங்கியது. "நிம்மதியா தூங்கலாம்" என்றார். நாற்றின் நுனி கருகியது. "தழைக்கிறதுக்கு முன்னாடி அப்படித்தான்" என்றார். வேர் அழுகி நாற்றங்கால் முழுதும் சாய்ந்தபோது, "ராகு காலத்துல எவ மடையைத் தொறக்கச் சொன்னது?" என்றார். எப்படி இருக்கிறது கதை!

பிறகு மழை வந்தது. ஊரெல்லாம் நடவுக்கு இறங்கிற்று. கங்கம்மா அழவில்லை, சாபம் கொடுக்கவில்லை. பெண்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு ஆதிநாராயணனின் நாற்றங்காலில் இறங்கிப் பறிக்க ஆரம்பித்தாள். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா பண்ற?"

"நாத்து பறிக்கிறேன் நைனா."

"யாருட்டு நாத்து?"

"என்னுதுதான். 'உன் நாத்துக்கு நானாச்சு'ன்னு நாலு பேரு எதிர்ல சொன்னீங்க. என்னுது அழுகிப் பூட்ச்சு. இனிமே உங்களுதுதான எனக்கு ஆவணும்?"

"அட, அது ஒரு பேச்சுக்குச் சொல்றது!"

"அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மடையைத் தொறந்தேன்."

ஆதிநாராயணன் துணைக்கு ஆள் தேடித் திரும்பினார். வரப்பில் ஊரே நின்றது. மாடு வாங்கினவன் நின்றான், பெண் எடுத்தவன் நின்றான். ஒருவரும் வரப்பை விட்டு இறங்கவில்லை. கடைசியில் அவர் மனைவி ஜானகியம்மாள்தான் வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

"நாத்து முடி கட்ட நாரு பத்துமா கங்கம்மா?" என்று கேட்டு, இடுப்பிலிருந்த நாரை எடுத்துக் கொடுத்தாள். ஊரில் அத்தனை பேருக்கும் வராத துணிச்சல் அந்த அம்மாளுக்கு வந்தது. நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கங்கம்மாவின் ஒரு ஏக்கர் மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள் பச்சையாயிற்று. ஆதிநாராயணனின் கழனியில் பாதி, நடாமல் தரிசாகக் கிடந்தது.

அவர் திருந்தினாரா என்று கேட்கிறீர்களா? அடுத்த சந்தையில் பொதட்டூர்பேட்டை விதை நெல்லுக்கு நானாச்சு என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை விடுங்கள். நீங்கள் எங்கே கிளம்பிவிட்டீர்கள்? இந்தப் பக்கத்தை மடித்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரரிடம், "அவசியம் படிங்க சார், உங்களுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு" என்று கொடுக்கத்தானே? கொஞ்சம் உட்காருங்கள். அவருக்காக எழுதியது என்று உங்களிடம் யார் சொன்னது?