மை ஏறாத மாமா

ஆரியசாலை, திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய 'தெற்குச் சாளரம்' வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றிவிட்டதால் இதை எழுதுகிறேன். தங்கள் உடல்நலமும் குடும்ப நலமும் இதழின் விற்பனையும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் அதற்கு நான் காரணமில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் கரமனை ஆற்றின் வளைவுகளைப் பற்றி நான் அனுப்பிய பதினான்கு பக்கக் கட்டுரையை 'இடமின்மையால்' என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பினீர்கள். அதே வார இதழில் என் மைத்துனரின் படத்துக்கு ஒரு முழுப்பக்கம் இடம் இருந்தது. அதை நான் மறந்துவிட்டேன். மறந்துவிட்டதைத் தெரிவிக்கவே குறிப்பிட்டேன்.

தங்கள் இதழில் ஒன்பது ஆண்டுகளாக 'வாரம் ஒரு வழி' என்ற சித்திரத்தொடரை வரைந்துவரும் பகவதிப்பெருமாள் என் தங்கை உலகம்மையின் கணவர். ஒரு குடும்பம் வேனில் ஏறி ஊர் ஊராகப் போகும். அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், கூடவே குடையை இடுக்கிக்கொண்டு கடைசியாக ஏறிக் கடைசியாக இறங்கும் ஒரு மாமா. அந்தக் குடை மாமா நான்தான். கல்லூரியில் இருபத்துநான்கு ஆண்டுகளாகப் புவியியல் கற்பிக்கிறேன். மணம் செய்துகொள்ளவில்லை. தங்கையின் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். இந்தத் தெருவில் தமிழ் படிக்கத் தெரிந்த மொத்த வியாபாரிகள் அத்தனை பேரும், மிளகாய் வற்றல் மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, பங்குனி வெயிலிலும் 'சார், குடை எங்கே' என்று கேட்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளாகக் கேட்கிறார்கள்.

மாப்பிள்ளை வேலை செய்யும் விதம் தங்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைகிறார் என்று தாங்களும் வாசகர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கிடையாது. அவர் முதலில் வரைவார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வெளிர்நீலப் பென்சிலால் முழுப் பயணத்தையும் போடுவார். பிறகு அதன்மேல் மை ஏற்றுவார். நீலம் அச்சில் விழாது என்பதால் அழிக்கவேண்டிய வேலை இல்லை. ஒரு வாரம் முன்னதாகவே தங்களுக்குத் தபாலில் அனுப்பிவிடுவார். இதழ் வெளிவரும் வாரத்தில்தான் எங்களை வேனில் ஏற்றி அந்த ஊருக்கு அழைத்துப் போவார். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். போய்ப் பார்த்து வரைந்தால் படம் கனத்துவிடுகிறது, வரைந்துவிட்டுப் போனால் ஊர் லேசாக இருக்கிறது என்றார். படித்தவன் கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய பதில் அல்ல இது. ஆனால் சாம்பார் நன்றாக இருந்தது, கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் படத்துக்கும் நடந்ததற்கும் ஒரு சின்ன ஒற்றுமை, ஒரு செருப்பு அறுந்தது, ஒரு நாய் பின்னால் வந்தது என்று போய்க்கொண்டிருந்தது. உலகம்மையும் பிள்ளைகளும் சேர்ந்து என்னை வைத்து நாடகம் போடுகிறார்கள் என்றே முடிவு கட்டியிருந்தேன். பொன்முடிக்குப் போனபோதுதான் அப்படி நினைக்க முடியாமல் போனது. அந்தப் படத்தை நான் முன்கூட்டியே மேசையில் பார்த்துவிட்டேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வேன் நிற்கிறது, மாமாவின் குடை காற்றில் மேல்நோக்கி மடங்குகிறது, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து மாமாவிடம் மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கிறாள். நான் குடையை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டு, கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒன்பதாவது வளைவில் வேன் நின்றது. தூறல் விழுந்தது. வேன் ஓட்டிவந்த ஷாஜி தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு குடையை எடுத்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, என் கையில் திணித்தான். விரித்தேன், மடங்கியது. லயத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து ஒரு மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். என் கண்ணாடி என் மூக்கில்தான் இருக்கிறது என்று காட்டினேன்.

"போன தடவ விட்டுட்டுப் போனீங்களே ஐயா, இதுதான்" என்றாள்.

நான் அதற்கு முன் பொன்முடிக்குப் போனதே இல்லை. அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பவர் சரியாக இருந்தது. சொல்லப்போனால் என் கண்ணாடியைவிடச் சரியாக இருந்தது. வேனுக்குள் நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் சிரித்த அதே வரிசையில்.

திரும்பி வந்ததும் மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், இனி என்னை வரையக்கூடாது என்று. வாயால் சொன்னது போதாது என்று எழுதியும் கொடுத்தேன். அதில் சற்றுக் கடுமையான சொற்கள் இருந்திருக்கலாம். 'என் உருவத்தின் மீது எனக்குள்ள ஏகபோக உரிமை' என்ற தொடர் நிச்சயமாக இருந்தது. அவர் படித்தார், மடித்து மைப்புட்டிக்கு அடியில் வைத்தார், செரி அத்தான் என்றார். அவ்வளவுதான். உலகம்மைதான் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமா ஊர் பூரா சிரிக்கு, உங்களுக்கு மட்டும் சிரிக்க வரல்லியே அண்ணே என்றாள். எனக்கு அது பாராட்டாகவே பட்டது.

அடுத்த படம் திற்பரப்பு அருவிக்குப் போகும் பயணம். உறையில் போடுவதற்கு முன் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் வேனின் பின்சீட்டு. நான்கு பேருக்கும் மை ஏற்றியிருந்தார். ஜன்னலோரம் என் இடத்தில் மட்டும் நான் வெறும் நீலப் பென்சிலாக இருந்தேன். ஆனால் குடைக்கு மை போட்டிருந்தார். நான் என்னை எடுக்கச் சொன்னேனே தவிர, குடையை எடுக்கச் சொல்லவில்லையாம். ஆக, அச்சில் பார்ப்பவர்களுக்கு ஒரு குடை தானாக அந்தரத்தில் நிற்கும், நான்கு பேர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு வெற்றியாகத்தான் இருந்தது, ஆசிரியர் அவர்களே. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பேருந்தில் கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவரிடமும் பின்னால் இருந்தவரிடமும் கேட்டார். வங்கியின் கண்ணாடிக் கதவு, ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கதவு, திறக்கவில்லை. ஒரு சின்னப் பெண் வந்தாள், திறந்தது, அவள் பின்னாலேயே நுழைந்தேன். கல்லூரியில் வகுப்புக்குள் போய்ப் பருவக்காற்றுகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். முடித்தபோது ஒரு மாணவன் எழுந்து, சார் வந்நில்லா, நமுக்குப் போகாம் என்று, அதாவது நான் வரவே இல்லை என்று சொல்லி, மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனான். இதெல்லாம் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொண்டேன், எனக்கு அதில் பழக்கம் உண்டு. ஆனால் வீட்டில் உலகம்மை நான்கு தட்டு வைத்தாள். ஐந்தாவதை நானே எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் அதை எடுத்துக் கழுவி அடுக்கினாள். கோபத்தில் செய்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். பாட்டு முணுமுணுத்துக்கொண்டு செய்தாள். பள்ளியிலிருந்து வந்த தங்கை மகள் ஆர்யா, ஊஞ்சலில் நான் உட்கார்ந்திருக்க, தன் புத்தகப் பையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். நல்ல கனம். இந்தப் பாடத்திட்டம் குழந்தைகளின் முதுகெலும்பை என்ன செய்யும் என்று தனியாக ஒரு கடிதம் எழுத இருக்கிறேன். தங்கை மகன் ஸ்ரீஜித் ஒருவன்தான் ஞாயிற்றுக்கிழமை, அம்மே, மாமன் எவிடே என்று கேட்டான். மேலே இருப்பார் என்று உலகம்மை சொன்னாள். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

நேற்று மாப்பிள்ளையிடம் போனேன். அடுத்த பயணத்துக்கான காகிதத்தை மேசையில் ஒட்டிக்கொண்டிருந்தார். மூன்றுமுறை கூப்பிட்ட பிறகு, எனக்குச் சற்று இடப்புறமாகப் பார்த்து, "அத்தானா? எங்க நிக்கிய?" என்றார். இங்கேதான் நிற்கிறேன் என்றேன். திற்பரப்புப் படத்தில் எனக்கு மை போட்டுவிடுங்கள், பழையபடியே இருக்கட்டும், குடை உட்பட ஆட்சேபணை இல்லை என்றேன். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது வேறு விஷயம்.

"படம் மெட்ராசுல கெடக்கு அத்தான். என் கையில இல்ல" என்றார்.

சரி, அடுத்த படத்திலாவது என்றேன். அவர் நீலப் பென்சிலைச் சீவினார்.

"அதுதான் நானும் பாக்கேன். காலம்பற இருந்து போட்டுப் பாக்கேன், ஒங்க ஆளு வரமாட்டேங்குது. ஒரு தடவ விட்டா கை மறந்திரும் கேட்டியளா. அச்சுல வந்துட்டா பின்ன அதுதான் நெசம்."

காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் பென்சில் அழுத்தி அழுத்திக் காகிதம் தேய்ந்து ஓட்டையாகிப் போயிருந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்கு இருபது வருடக் கோபம் உண்டு. அந்த நேரத்தில் அதை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடவேண்டியதாகிவிட்டது.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் திற்பரப்புப் பக்கம் இப்போது தங்கள் மேசையில் இருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை அச்சாகும். சனிக்கிழமை காலை வேன் கிளம்பும். தங்கள் அலுவலகத்தில் பேனா பிடிக்கத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். மூன்றாவது கட்டம், இடது ஜன்னல், குடைக்குப் பின்னால். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நீலக்கோடு தெரியும். அதன்மேலேயே மை ஓட்டினால் போதும். நேர்த்தியாக இருக்கவேண்டும் என்பதில்லை. முகம் முழுவதும் முடியாவிட்டாலும் தோள் வரையாவது போடுங்கள், வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன். கட்டுரையை இடமின்மையால் திருப்பி அனுப்பினீர்கள், சரி. இது ஏற்கனவே எனக்கென்று விட்டிருக்கிற இடம்தான், ஐயா. பின்சீட்டு, ஜன்னலோரம். ஒன்பது வருஷமா நான் உக்காந்த இடம்.

தங்களுக்கும் தங்கள் இல்லத்தாருக்கும் அலுவலக அன்பர்களுக்கும் சகல சௌக்கியங்களும் குறைவின்றிக் கிடைக்கட்டும். எங்கு போனாலும் நாலு பேர் கண்ணில் படும்படியாகத் தாங்கள் நீடூழி வாழவேண்டும்.

இங்ஙனம்,


பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. மேற்படி கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் தபால்தலை வாங்க அஞ்சலக வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள் எனக்குப் பின்னால் இருந்தவர்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இன்று தங்கள் இதழ் வந்துவிட்டது. மூன்றாவது கட்டத்தைப் பார்த்தேன். மாமா இருக்கிறார். குடை அந்தரத்தில் நிற்பது பிழையாகப் பட்டு, தங்கள் அலுவலகத்தில் யாரோ தாமாகவே நீலக்கோட்டின் மேல் மை ஓட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் கோடு கொஞ்சம் நடுங்கும், இது நடுங்கவில்லை. முதுகு நேராக இருக்கிறது. வாய் லேசாகச் சிரிக்கிறது. என் வாய் அப்படிப் போகாது. இருந்தாலும் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அப்போது உலகம்மை படியேறி வந்து, அண்ணே, வண்டி வந்தாச்சு என்றாள். நான் கதவருகே நின்றிருந்தேன். அவள் ஜன்னலோர நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். நாற்காலியிலிருந்து யாரோ எழுந்த சத்தம் கேட்டது. அவள் சிரித்துக்கொண்டே முன்னால் இறங்கிப் போனாள்.

மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன். ஷாஜி கதவைத் திறந்து பிடித்திருந்தான். முதுகு நேராக ஒருவர் கடைசியாக ஏறினார். ஏறுவதற்கு முன் ஏதோ சொன்னார், மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உலகம்மை சிரித்தாள். ஆர்யா அவர் மடியில் பையை வைக்கவில்லை, தலையை வைத்துக்கொண்டாள். வேன் கிழக்கே போய்விட்டது.

ஆகவே மேலே கேட்டுக்கொண்டதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மறுபடியும் யாருக்கும் மை போடவேண்டாம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாமா போதும், இரண்டு பேர் இருந்தால் ஜன்னலோரத்துக்குச் சண்டை வரும். அவர் நல்ல மனிதராகவே தெரிகிறார். கடிதத்தை மட்டும் அனுப்பிவிடுகிறேன். தெருமுனைத் தபால்பெட்டி ஆள் பார்த்து வாயைத் திறப்பதில்லை. தபால்தலை ஒட்டாததால் தாங்கள்தான் அபராதம் கட்டி வாங்கவேண்டியிருக்கும், அந்தக் கட்டுரைக்கு நான் ஒட்டி அனுப்பியதை அதில் கழித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இப்போது வேனில் ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இத்தனை புகாருக்கும் அடியில் அவர் பெயரை எழுதுவது நியாயமல்ல. பெயர் போடாமலே அனுப்புகிறேன்.