அப்பா தலைக்கு ரெண்டு கோட்டிங்

அப்பாவின் இடது புருவத்தில் பாதி, டேப்போடு வந்துவிட்டது.

குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம். கத்த ஆரம்பித்தவர், வெளியே கேட்டால் மானம் போகும் என்று மீதியை விழுங்கின மாதிரி ஒரு சத்தம்.

"என்னங்க, என்னாச்சு?" என்று அம்மா கேட்டாள். துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஒண்ணும் ஆகலை."

"கதவைத் திறங்க."

"திறக்க முடியாது. காஞ்சுட்டிருக்கு."

"எது?"

"ரெண்டாவது கோட்டிங்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

என் அப்பா பெயிண்ட் கடையில் விற்பனை பார்க்கிறவர். நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கேதான். சுவரைப் பார்த்தால் போதும், எத்தனை டின் வேண்டும், எந்த ஷேடு ஒத்துவரும், எந்தச் சுவர் ஈரம் குடித்திருக்கிறது என்று தட்டிப் பார்த்தே சொல்லுவார். மனுஷரைத் தட்டிப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்கத் தெரியாது. அது வேறு விஷயம்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எனக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கதையில் அதைப் பற்றி வேறொன்றும் கிடையாது.

பெரிய ரோட்டில் ஒரு பார்லர் இருக்கிறது. ஆண், பெண் எல்லாருக்கும் முடி வெட்டுவார்கள், கலர் போடுவார்கள். அதை நடத்துகிற மேடம், "ஒரு வாரம் சும்மா வந்து பாரு" என்றார். போனேன். பள்ளிக்கூடத்தில் முதல் பெல்லுக்கே கொட்டாவி விடுகிறவள், அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தேன், கால் வலித்ததே வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. "திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கோ. உங்கப்பா ஒரு வார்த்தை சரின்னு சொல்லட்டும்" என்றார் மேடம்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஓராயிரம் வார்த்தை வரும். கேட்ட வார்த்தை மட்டும் வராது.

"தலைக்கு டை அடிக்கறது ஒரு தொழிலா? கிண்ணம் இருக்கு, பிரஷ் இருக்கு, தலை இருக்கு. அப்புறம் என்ன கத்துக்கறது? மூணு மாடிக் கட்டடத்துக்கு ஷேடு சொல்றவன் நான். மூணு அங்குல முடிக்கு நாற்காலியில உக்காந்து இன்னொருத்தர்கிட்ட தலையைக் குனியணுமா? இவ என் சிநேகிதன் நடத்தற கணக்கு கிளாஸுக்குப் போகட்டும்."

"இவளுக்குக் கணக்கு வராதுங்க."

"அதான் கிளாஸுக்குப் போகச் சொல்றேன்."

வாக்குவாதம் முற்றியது. கடைசியில் அப்பா எழுந்து நின்றார். எங்கள் வீட்டில் அவர் எழுந்து நின்றால் ஏதோ அறிவிப்பு வருகிறது என்று அர்த்தம்.

"ஞாயித்துக்கிழமை நானே வீட்ல டை போட்டுக்கறேன். பார்லர்ல போட்ட மாதிரி வந்துச்சுன்னா இவ கணக்கு கிளாஸ். அசிங்கமா வந்துச்சுன்னா இவ பார்லர். பந்தயம். சரியா?"

"சரி" என்றாள் அம்மா.

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையை இவர்கள் ஒரு டை பெட்டியை நம்பி வைத்துவிட்டார்கள். அதோடு விட்டாளா? உட்கார்ந்து அவருக்கு யோசனை வேறு சொல்லிக்கொடுக்கிறாள்.

"என்னங்க, முதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு கொத்துல போட்டுப் பாருங்க. நெத்தி ஓரமா எண்ணெய் தடவிக்குங்க. கையுறையைப் போட்டுக்குங்க. தண்ணி கலக்காதீங்க. பின்னந்தலை உங்களுக்குத் தெரியாது, அதை நான் போட்டுவிடறேன்."

எல்லாம் சரியான யோசனை. பார்லரில் நான் பார்த்ததும் அதேதான். இதையெல்லாம் அவர் கேட்டுச் செய்தால் என் கதை முடிந்தது.

சமையலறைக்குள் அவளை மடக்கினேன். "அம்மா, நீ யார் பக்கம்?"

"அடுப்புப் பக்கம். அந்தக் கரண்டியை எடு. உன் ஸ்கூல் ஷூ எங்க?"

"எதுக்கு?"

"தேடி எடுத்து பாலிஷ் போட்டு வை."

"கணக்கு கிளாஸுக்கு ஷூ எதுக்கும்மா?"

"போடுன்னா போடேன். எதுக்கெடுத்தாலும் அப்பனை மாதிரி கேள்வி கேட்டுக்கிட்டு."

ஆத்திரத்தில் தேய்த்தேன். முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பு வந்துவிட்டது.

இங்கே அப்பாவின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா "குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றால், வானத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வெறுங்கையோடு போவார். தொப்பலாக நனைந்து வருவார். நனைந்ததையும் ஒப்புக்கொள்ள மாட்டார். "வியர்வை" என்பார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளியலறைக்குள் போனபோது கையுறை மேசை மேல் இருந்தது. எண்ணெய்ப் புட்டி அலமாரியில் இருந்தது. அவர் கையில் கடையிலிருந்து கொண்டுவந்த மாஸ்கிங் டேப் இருந்தது. பெயிண்ட் படாமலிருக்க ஜன்னல் சட்டத்துக்கு ஒட்டுகிற மாதிரி நெற்றியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, முதல் கோட்டிங் நீர்க்க இருந்தால்தான் பிடிக்கும் என்று பாதி டையில் தண்ணீரை ஊற்றி அடித்து, உள்ளேயே கொண்டுபோயிருந்த டேபிள் ஃபேனில் காயவிட்டு, அதன் மேல் கெட்டியாக ரெண்டாவது கோட்டிங்கையும் போட்டார். முன்பக்கத்துக்கே எல்லாம் தீர்ந்துபோனது. மிச்சமிருந்த நீர்த்த டையைக் காதோரமாக இழுத்துவிட்டார். பின்னந்தலை அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத சுவருக்கு யார் பெயிண்ட் அடிப்பார்கள்?

இதெல்லாம் அவரே பிற்பாடு சொன்னது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது, கடைசியில் கதவு திறந்ததும் அவர் வெளியே வந்ததும்தான்.

முன்பக்கம் நீலம் ஏறிய கறுப்பு. காதோரம் துருப்பிடித்த கம்பியின் நிறம். பின்பக்கம் பழைய வெள்ளை, அப்படியே. மனுஷன் தலையா இது? நிறம் காட்டக் கடையில் கொடுக்கிற ஷேட் கார்டு. டேப்புக்கு அடியில் டை கசிந்து, நெற்றியில் ஒரு கறுப்புக் கோடு நூல் பிடித்த மாதிரி ஓடியது. பத்து விரலும் கரி. புருவத்தைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

நான் கைதட்டாத குறை. "பந்தயம் நான் ஜெயிச்சேன்."

"என்ன ஜெயிச்சே? இன்னும் முழுசா காயலை. காயறதுக்கு முன்னாடி யாராவது நிறத்தைப் பாத்து முடிவு பண்ணுவாங்களா?"

"காஞ்சா மட்டும் என்னப்பா ஆகும்?"

"செட் ஆகும்."

"பின்னாடி போடவே இல்லையே."

"அது டிசைன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன். பேசினாள்.

"அவர் சொல்றதும் சரிதான். பந்தயமெல்லாம் விளையாட்டுக்குச் சொன்னது. விட்டுடலாம்."

எனக்கு வந்தது அழுகை இல்லை. கோபம். இந்த வீட்டில் ஒருத்தர் தோற்றதை ஒப்புக்கொள்ள மாட்டார், இன்னொருத்தர் ஜெயித்ததை எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்பா கூடத்துக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். தலையை இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். அவர் தோள் மெல்ல இறங்கியது.

"நாளைக்குக் கடைக்கு எப்படிப் போறது?" என்றார், யாரிடமும் இல்லாமல். "இந்தத் தலையை வெச்சுக்கிட்டு நான் போய் யாருக்கு ஷேடு சொல்றது?"

"நீங்க வெளியவே போகவேண்டாம்" என்றாள் அம்மா. "லீவு சொல்லிட்டு வீட்லயே இருங்க. வளர்ற வரைக்கும் தொப்பி போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு, அந்த பார்லருக்கு மட்டும் போயிடாதீங்க. சொல்லிட்டேன்."

"ஏன், போனா என்ன?"

"வேண்டாங்க. உங்களுக்கு அதெல்லாம் சரிப்படாது."

"எனக்கு எது சரிப்படும், எது சரிப்படாதுன்னு நீ சொல்லுவியா? பாப்பா, செருப்பைப் போடு. வழி காட்டு."

பக்கத்தில்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நடந்தே வந்தார். எதிர்வீட்டு டெய்லர் அண்ணன் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார்.

"சார், வண்டி எங்க?"

"வீட்ல இருக்கு."

"அப்ப ஹெல்மெட்?"

"பழக்கம்."

பார்லரில் மேடம் ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார். அப்பா கழற்றினார். மேடம் சிரிக்கவில்லை. நான் அவரை மதிப்பதற்கு அது ஒரு காரணம்.

"பெட்டியில எப்படிப் போடணும்னு எழுதியிருக்குமே சார், படிச்சீங்களா?"

"நாங்க தொழில்காரங்க. பெட்டியைப் படிக்கறதில்ல."

"நானும் தொழில்காரிதான். தினமும் படிக்கிறேன்." நாற்காலியைத் திருப்பினார். "இது மேல இன்னும் கறுப்பு போட்டு மூட முடியாது. முதல்ல இருக்கற கறுப்பை இறக்கணும்."

"இறக்கறதா? சுவரா இருந்தா சுரண்டணும்."

"இங்க சுரண்டாம இறக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு கொத்துல போட்டுப் பாத்துடறேன்."

அப்பா தலையைக் குனிந்து காட்டினார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், 'மூலையில கொஞ்சம் அடிச்சுப் பாருங்க, காஞ்சப்புறம் வர்றதுதான் நிறம்' என்று சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை கட்டியிருக்கிறது. அது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கொத்து சரியாக வந்தது. டை பிடித்த இடமெல்லாம் போட்டார். நேரம் பார்த்துக் கழுவினார். துண்டை எடுத்ததும் கண்ணாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். ரோட்டில் பள்ளம் தோண்டினால் சுற்றி வைக்கிற கூம்பு மாதிரி. போச்சு, இனி ஜென்மத்துக்கும் என்னை இங்கே விடமாட்டார் என்று நினைத்தேன்.

அப்பா கண்ணாடிக்குக் கொஞ்சம் கிட்டே போனார். அவர் முகத்தில் பயம் இல்லை. சுவரைப் பார்க்கிற முகம்.

"நீலம் போடணும்" என்றார். "கொஞ்சமா. ஆரஞ்சை நீலம்தான் அடக்கும்."

மேடத்தின் கை நின்றது. "அதைத்தான் போடப்போறேன். இதை எனக்குச் சொல்லிக்கொடுக்கவே என் குருவுக்கு ரொம்ப நாள் ஆச்சு சார்."

அப்பாவின் தோள் மறுபடி ஏறியது. மேடம் என்னிடம் திரும்பி, "நீ கலக்கு" என்றார்.

சின்னத் தராசு. அதன் மேல் கிண்ணம். ரெண்டு டியூபிலிருந்தும் அவர் சொன்ன அளவு பிதுக்கினேன். கட்டி தட்டாமல் கலக்கினேன். டியூபை மூடுவதற்கு முன்னால் கழுத்தைத் துணியால் துடைத்தேன். கண்ணாடியில் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடைக்கச் சொல்லி யார் சொன்னா?"

"நான் சொல்லலை சார்" என்றார் மேடம்.

"நீங்கதான்பா" என்றேன். "ஜாம் பாட்டிலுக்கு. கழுத்தைத் துடைக்காம மூடினா மறுநாள் திறக்காதுன்னு கத்துவீங்களே."

அதன் பிறகு அவர் தன் தலையைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை, "ஓரத்துல விட்டுட்டே பாரு" என்றார். உண்மையிலேயே விட்டிருந்தேன்.

எல்லாம் முடிந்து காய்ந்தபோது, கறுப்பில் அங்கங்கே கொஞ்சம் வெள்ளையோடு, அவர் அப்பா மாதிரியே இருந்தார். நன்றாகத் தூங்கி எழுந்த அப்பா மாதிரி. பாதிப் புருவத்தை மேடம் பென்சிலால் நிரப்பினார். வாசலில் என்னிடம், "வேலைக்கு வர்றப்ப கறுப்பு ஷூ போட்டுக்கிட்டு வரணும், தெரியும்ல? உங்கம்மா முன்னாடியே வந்து கேட்டுட்டுப் போனாங்க" என்றார்.

அப்பா ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்ததால் அவர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. வீடு வரும் வரைக்கும், ஆத்திரத்தில் தேய்த்து வைத்த அந்த ஷூவையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா எழுந்து நிற்கிற தோரணையில் நின்றார். "நாளைக்கு இவ பார்லர்ல சேர்றா. நான் முடிவு பண்ணிட்டேன்."

"எதுக்குங்க? நின்னு நின்னு கால் வலிக்கும்."

"வலிக்கட்டும். நான் நிக்கலை? நிறம் எங்க ரத்தத்துல இருக்கு. உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்னமோ மனசு ஒப்பலைங்க. பேசாம கணக்கு கிளாஸ்லயே விட்டுடலாம்."

நான் வாயைத் திறந்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா என் காலை மிதித்தாள். நல்ல மிதி. மூடிக்கொண்டேன்.

"இந்த விஷயத்துல நீ தலையிடாதே" என்றார் அப்பா.

திங்கட்கிழமை காலை. நான் ஷூவை மாட்டிக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தேன். அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் ரொம்பக் கவலையாக இருந்தது. அவ்வளவு கவலையை எங்கிருந்து எடுத்தாளோ.

"என்னங்க, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. தெருமுனையில இடது பக்கம் திரும்புங்க. கணக்கு கிளாஸ்ல இறக்கி விட்டுட்டு வாங்க."

தெருமுனையில் அப்பா வலது பக்கம் திரும்பினார்.