கருங்குளவிக்கு ஒரு மாவிளக்கு

"நாளைக்குக் கடைக்கு லீவு" என்று சொல்லிக்கொண்டே கலைச்செல்வன் செருப்பைக் கழற்றினார்.

அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்த ஜோதிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. கல்லில் தோசை தீய்ந்தது.

குரும்பலூரில் உரக்கடை வைத்திருக்கும் மனுஷன், விதைப்பு நேரத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில் லீவு விடுவாரா? நாளைக்குக் காலை ஒன்பது மணிக்குப் பெரம்பலூரில் 'கருங்குளவி' முதல் காட்சி. திருச்சியில் படிக்கும் மகள் அபிநயா டிக்கெட் போட்டு அம்மாவின் போனுக்கு அனுப்பியும்விட்டாள்.

நடிகர் செல்வக்கதிர் படம் எதையும் ஜோதி இருபத்திரண்டு வருஷமாக முதல் நாள் தவறவிட்டதில்லை. புருஷனுக்குத் தெரிந்தும் போனதில்லை. தையல் மிஷின் வைத்திருப்பவளுக்குக் காரணமா கிடைக்காது? "டவுனுக்குப் போயி நூல் வாங்கியாரேன்" என்று கிளம்பிவிடுவாள். கலைச்செல்வனோ சினிமா என்றாலே முகத்தைச் சுளிப்பவர். டிவியில் செல்வக்கதிர் வந்தால், "இவனுக்கு வேற வேலையில்ல" என்று எழுந்து போய்விடுவார்.

ஜோதிக்கு மட்டும் அவர் வெறும் நடிகர் இல்லை. முதல் பிள்ளை வயிற்றில் தங்காமல் போனபோது, மூன்று மாதம் சுவரைப் பார்த்தபடியே படுத்துக்கிடந்தாள். ஒருநாள் டிவியில் செல்வக்கதிர் வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் பஞ்சாயத்தில் நியாயம் பேசிக்கொண்டிருந்தார். அவளையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எழுந்து தலை சீவினாள்.

அப்பேர்ப்பட்டவருக்கு இப்போது போதாத காலம். வரிசையாக மூன்று படம் ஊத்திக்கொண்டது. 'கருங்குளவி' டிரெய்லரை நாற்பது தடவை பார்த்தும் அவளால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. சண்டை நன்றாக இருந்தது. தலையில் வைத்திருந்த விக்கு நன்றாக இல்லை. பாட்டு தேவலாம். ஜோடியாக வருகிற பெண்ணுக்கு அபிநயா வயசுதான் இருக்கும். போதாததற்கு, "இதுவும் ஓடலன்னா ஊருக்குப் போயி ஆடு மேய்ச்சுக்குவேன்" என்று பேட்டியில் அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஜோதிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவேளை இதுதான் கடைசிப் படமோ?

"நாளைக்கு நான் சிறுவாச்சூர் கோயிலுக்குப் போறேங்க" என்றாள். நூல் வாங்கப் போகிறேன் என்றால், வீட்டில் சும்மா இருப்பவர் நானே வாங்கி வருகிறேன் என்பார்.

"என்ன திடீர்னு?"

"வேண்டுதல்."

"யாருக்கு?"

ஜோதி சுற்றுமுற்றும் பார்த்தாள். எதிரே அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "உங்க முட்டி வலிக்குத்தான்."

கலைச்செல்வன் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். "எனக்காவா? அப்ப நானும் வரேன்."

"ஐயையோ! வேண்டாம். மாவிளக்கு போடணும். பொம்பளைங்கதான் போவணும்."

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுச் சிந்தாமணியின் தலை எழும்பியது. "மாவிளக்கா? அக்கா, நானும் வரேன்! அரிசிய இப்பவே ஊற வச்சிடுறேன்."

ஜோதிக்கு வியர்த்தது. இரவெல்லாம் யோசித்து, காலையில் சிந்தாமணியைத் தனியாகப் பிடித்தாள். "எனக்கு ஒடம்பு சரியில்ல. நீ மட்டும் போயிட்டு வந்துடு."

சிந்தாமணி அதை வாசலிலேயே நின்று முழங்கினாள். "அண்ணே! அக்காவுக்கு ஒடம்பு முடியலயாம்!"

கலைச்செல்வன் பதறி ஓடிவந்தார். "வா, டாக்டர்கிட்டப் போவோம்."

டாக்டரிடம் போனால் மதியம் ஆகிவிடும். "இப்ப சரியாயிடுச்சு. பஸ்ஸுல போயிக்குறேன்" என்றாள் ஜோதி.

"முடியாத ஒடம்போட பஸ்ஸா? நான் வண்டி எடுக்குறேன்."

அரை மணி நேரத்தில் கடைக்கு உர மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. பின்னால் சிந்தாமணியும் அவள் சேர்த்துக்கொண்ட நாலு பெண்களும் ஊறவைத்த அரிசியோடு ஏறிக்கொண்டார்கள். முன்னால், கலைச்செல்வன் பக்கத்தில், முதல் காட்சி டிக்கெட்டைப் போனில் வைத்துக்கொண்டு ஜோதி.

பெரம்பலூரில் தியேட்டர் வழியாகத்தான் வண்டி போனது. மணி ஒன்பதாகப் பத்து நிமிஷம். வாசலில் இருபது அடி உயரத்துக்குச் செல்வக்கதிர் நின்றார். மேளம் அடித்தார்கள். ஆனால் கூட்டம்? பழைய படங்களுக்கு ரோடு வரைக்கும் நிற்கும். இன்றைக்கு மேளக்காரர்களைக் கழித்தால் முப்பது பேர் தேறுவார்கள். ஜோதி தலைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தாள்.

கலைச்செல்வன் வண்டியை மெதுவாக்கினார். "ரோடு மோசம்" என்றார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

சிறுவாச்சூரில் வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தினார். "பொம்பளைங்க விஷயம்னு சொன்னியே, போயிட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

வேறு வழியில்லை. அங்கே திரையில் பெயர் ஓடும் நேரத்தில் இங்கே ஜோதி மாவு இடித்தாள். வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து, நெய்விட்டுத் திரி ஏற்றினாள். பொய்யாக ஆரம்பித்த வேண்டுதல், சுடர் நின்று எரிந்தபோது நிஜமாகிவிட்டது.

"ஆத்தா, படம் ஓடணும். அவரு முட்டி வலியும் தீரணும்."

ஒரே விளக்குக்கு இரண்டு கேட்பது பேராசையோ என்று தோன்றியது. திரும்பி வெளியே பார்த்தாள். கலைச்செல்வன் வண்டியைவிட்டு இறங்கி, நொண்டி நொண்டி நிழலுக்கு நகர்ந்துகொண்டிருந்தார். இந்த முட்டியை வைத்துக்கொண்டுதான் இத்தனை தூரம் கிளட்ச் மிதித்திருக்கிறார்.

ஜோதி கண்ணை மூடிக்கொண்டாள். "ரெண்டுல ஒண்ணுதான்னா, முட்டியவே பாரு ஆத்தா. செல்வக்கதிரு ஆடு மேய்ச்சாலும் பொழச்சுக்குவாரு."

வெளியே வரும்போது அபிநயாவின் செய்தி வந்திருந்தது. 'அம்மா, எப்படி இருக்கு? இங்க ஒருத்தன் சுமார்ங்கிறான், ஒருத்தன் சூப்பர்ங்கிறான்.' ஜோதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஏன் அழுவுற?" என்றார் கலைச்செல்வன்.

"கற்பூரப் பொகை."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். "ஏங்க, நான் ஒரு பொய்..."

அதற்குள் எதிர்வரிசைத் தேங்காய்க்கடையிலிருந்து பெரியம்மாள் கிழவி எழுந்து வந்தாள். அவளைக் கண்டதும் கலைச்செல்வன் அவசரமாக வண்டிக் கதவைத் திறந்தார். கிழவி விடவில்லை. அர்ச்சனைத் தட்டோடு வந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"என்னா தம்பி, பாத்தும் பாக்காம போறீங்க? அந்தச் செல்வக்கதிரு படம் வர்ற அன்னிக்கெல்லாம் மொத ஆளா வந்து அவரு பேருக்குத் தேங்கா ஒடைப்பீங்களே, இன்னிக்கு வூட்டுக்காரம்மா கூட இருக்காங்கன்னு வெக்கமா?"