வாளியில் திரிந்த ஷாம்பூ

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். எங்கள் பேச்சுவார்த்தைதான் நலமாக இல்லை. உன் நலத்தையும் உன் ஆய்வகத்துத் தண்ணீரின் நலத்தையும் அறிய ஆவல்.

ஓய்வு பெற்றபின் அம்மாவின் பார்லரில் துண்டு மடித்துக்கொண்டு, வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசிக்கொண்டு, நான் பாட்டுக்கு இருந்தேன். சும்மா இருந்தேனா? முதலில் ஷாம்பூ, பிறகு கண்டிஷனர், ஒரு தலைக்கு எதற்கு இரண்டு வேலை என்று இரண்டையும் ஒரே வாளித் தண்ணீரில் கலக்கி வைத்தேன். அது பால் திரிந்த மாதிரி கட்டி கட்டியாக அடியில் உட்கார்ந்துவிட்டது. நுரை மருந்துக்கும் இல்லை. அம்மா அதைக் கவனிக்காமல் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய பெண்ணின் தலையில் ஊற்ற, அவள், "ஆன்ட்டி, தலையில என்னமோ ஊருது!" என்று அலற, அவளை அலசி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

"வாத்தியாரே, வெளியே நில்லுங்க. ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லிட்டு உள்ளே வாங்க" என்றாள் அம்மா.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ முன்பு போனில் சொன்னதை வைத்து வாசலிலேயே பாடம் எடுத்தேன். ஷாம்பூத் துகளின் தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. ஆகவே நீர்ப்பரப்பில் வாலை வெளியே நீட்டித் தலைகீழாக நிற்கும். கண்டிஷனரில் இருப்பது நீளச் சங்கிலி. சங்கிலிக்கு நேர்மின்சுமை, ஷாம்பூவுக்கு எதிர்மின்சுமை. ஷாம்பூ கொஞ்சமாக இருந்தால் இரண்டும் ஜோடியாக மேலே ஏறி நிற்கும். சரிக்குச் சரியானால் கட்டிப்பிடித்துக்கொண்டு, தண்ணீர் சகவாசமே வேண்டாமென்று மூழ்கிவிடும், பரப்பு காலி, நுரையும் காலி.

"சரி, இதை எப்படி மாத்துறது?"

"திரிஞ்சது திரிஞ்சதுதான். கொட்டிட வேண்டியதுதான்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. நீ உடனே போன் போட்டு, "அப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்று ஒரு வார்த்தை சொல்லம்மா. துண்டு மடிக்காமல் கை பரபரக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும்.

வாசலில் நிற்கும்,
அப்பா.

பி.கு.: போன் போடாதே. வாளியைக் கழுவுகிறேன் என்று அம்மா கோபத்தில் பாட்டில் ஷாம்பூ முழுவதையும் அதிலேயே கொட்டிக் கலக்கியிருக்கிறாள். கட்டியெல்லாம் கரைந்து, தண்ணீர் தெளிந்து, நுரை பொங்கிவிட்டது! "கொட்டணும்னீங்களே, வாத்தியாரே?" என்றாள். "ஏன்னு எனக்குத் தெரியலையே" என்றேன். வகுப்பில் ஒருநாளும் சொல்லாத வார்த்தை. "அப்படின்னா உள்ளே வாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று கதவைத் திறந்தாள். ஆளுக்கொரு கிளாஸும் ஸ்பூனுமாக, ஷாம்பூவையும் கண்டிஷனரையும் கலக்கிப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. ஏன் கரைந்தது? பதிலை அம்மா பெயருக்கே எழுது.